இருட்டில் நிறுத்த மா

2022 மார்ச் 31. அன்று 13 மணித்தியால மின்வெட்டு. மாலையில் ஹட்டனில் அக்காவின் பலசரக்குக் கடையில் உதவிக்கு நின்றேன். மின்தராசு வேலை செய்யவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பழைய தட்டுத் தராசில் நிறுத்துக் கொடுத்தோம்.

"இருட்டுல நிறைய கொறைக்கிறியா?" தோட்டத்து அம்மா ஒருவர் அரைக் கிலோ மாப்பையை மேசையில் எறிந்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மெழுகுதிரியைத் தராசின் அருகே நகர்த்தி, "படிக்கல்லை நீங்களே வைங்கம்மா" என்றேன். வைத்தார். நிறை சரி.

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாள் சம்பளம் 1000 ரூவா. மா வெல ஏறிக்கிட்டே போகுது. புள்ளைங்களுக்கு ரொட்டி சுடணும் தாயி" என்று அழுதார். அக்காதான் அவருக்கு முக்காலியை எடுத்துப் போட்டார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கோடு வாழ்ந்த சகோதரிகளே, இந்த இருட்டும் இந்தக் கோபமும் உங்களுக்குப் புதிதல்ல. இன்று உங்களில் பலர் சிறுகடை நடத்துகிறீர்கள். சீறுபவரின் கோபம் பலவேளை நம்மீதல்ல, இல்லாமையின் மீதே. அதற்காக வசையைத் தாங்கத் தேவையில்லை. குரலை உயர்த்தாமல் கணக்கைக் கண்முன் காட்டினால் போதும்.

அக்கா இன்றும் தராசை வாங்க வருபவர் பக்கமே திருப்பி வைத்திருக்கிறார்.