அப்பாவும் வர வேண்டும்

“எப்படியாச்சும் நீங்களே சொல்லித் திருத்திக் குடுத்துடுங்க மேடம், நாங்க சொன்னா அவன் கேக்கறதில்லீங்க.” திருப்பூரில் வளரிளம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். வண்டியைச் சர்வீசுக்கு விட்டுவிட்டுப் போவதுபோல் மகனை என்னிடம் விட்டுவிட்டு, அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அப்பா பெரும்பாலும் வந்திருக்க மாட்டார். கம்பெனியில் அவசர ஆர்டர், லீவு கிடைக்கவில்லை என்பார்கள்.

நான் பேசுவது குடிக்கு அடிமையாகிவிட்ட பிள்ளைகளைப் பற்றி அல்ல. நாலைந்து மாதமாக, சனிக்கிழமைகளில், யாராவது ஒருவனின் பிறந்தநாளில், குவாட்டரைப் பங்கு போட்டு ஆளுக்கொரு கட்டிங் அடிக்கத் தொடங்கியிருக்கும் 16, 17 வயதுப் பையன்களைப் பற்றி. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. ஆனால் வாங்கிக் கொடுக்க ஒரு ‘அண்ணன்’ எப்போதும் இருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் வீடு இரண்டில் ஒன்றைச் செய்கிறது. “வயசுக் கோளாறு, தானா செரியாயிரும்” என்று விட்டுவிடுகிறது. இல்லையென்றால், “எங்கியாச்சும் கொண்டுபோய்ச் சேத்துருங்க” என்று பதறுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வேறு வழியே இல்லாத நிலையில்தான் மனநல மையத்தில் உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ கூடவே தங்க வேண்டும். சேர்த்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று பெற்றோர் நினைக்கும் இடத்திலும் சட்டம் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. விட்டுவிடுவதற்கும் சேர்த்துவிடுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. என் வேலை முழுக்க அங்கேதான்.

பெற்றோரை உள்ளே கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. வேலைக்கு வந்த புதிதில், பிளஸ் ஒன் பையன் ஒருவன் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். அன்று மாலையே அவன் அப்பாவுக்குப் போன் செய்து விவரத்தைச் சொல்லிவிட்டேன். கடமையைச் செய்வதாக நம்பித்தான் செய்தேன். அன்றிரவு அவனுக்குப் பெல்ட்டடி விழுந்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை, அதன் பிறகும் வரவேயில்லை. பெரியவர்களிடம் உண்மையைச் சொன்னால் அடிதான் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தவள் நான்.

இப்போது முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுகிறேன். “நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும் தம்பி. உன் உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வீட்ல சொல்வேன். அதையும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” பிறகு கேள்விகள். அமெரிக்காவின் பாஸ்டனில் உருவாகி, உலகம் முழுக்கப் பதின்வயதினரிடம் கேட்கப்படும் ஒரு வினாத்தாள் உண்டு. குடித்தவர் ஓட்டிய காரில் போனதுண்டா, அல்லது குடித்துவிட்டு நீயே ஓட்டினாயா என்று அதில் ஒரு கேள்வி. நான் கார் என்பதைப் பைக் என்று மாற்றிக் கேட்கிறேன். எவ்வளவு குடித்தாய் என்பதற்குக் குறைத்துச் சொல்லும் பையன், இந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்வான்.

பையனோடு இரண்டு சந்திப்பு, அடுத்தது பெற்றோரோடு. இந்த முறையை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கென் வின்டர்ஸ் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களிடம் செய்து பார்த்தார். பையனோடு மட்டும் பேசியதிலும் பலன் இருந்தது. பெற்றோருக்கென ஓர் அமர்வைச் சேர்த்தபோது, ஆறு மாதம் கழித்துப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது என்று 2012-இல் எழுதினார். அந்த ஓர் அமர்வுக்காகத்தான் நான் அப்பாக்களிடம் இத்தனை போராடுகிறேன்.

அந்த அமர்வில் விஷயத்தை நான் சொல்வதில்லை, பையன்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்லப் போகிறான் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சொல்லிப் பார்த்துக்கொள்வோம். பெற்றோரிடமும் தனியாக அரைமணி நேரம் பேசிவிடுவேன். அவன் முடிக்கும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று அவர்களிடம் சத்தியம்போல் வாங்கிக்கொள்வேன்.

அடையாளங்களை மாற்றி ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். அப்பா பவர் டேபிள் டெய்லர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகன் தாளை மடித்து மடித்து விரல் நீளத்துக்குச் சுருட்டிவிட்டான். அதைப் பிரிக்காமலேயே பேசினான். “ரெண்டு மாசமா சனிக்கிழமை குடிக்கறேம்ப்பா. அன்னைக்கு மழைல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல... குடிச்சுட்டு ஓட்டித்தான் விழுந்தேன்.” அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அப்பா கேட்டார்: “அடி பலமாப் பட்டுதா கண்ணு?” பையன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

எல்லா அமர்வும் இப்படிக் கனிந்து வராது. “பீர்தானுங்களே மேடம்” என்று தொடங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 30 கிராம். 7 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 36 கிராம். கட்டிங்கைவிடப் பீரில்தான் அதிகம். இன்னும் சிலர், “வெளிய போய்க் கெட்டுப்போறதுக்கு எம் முன்னாடியே குடிக்கட்டும்” என்பார்கள். கெடா வெட்டில் மகனுக்கு ஒரு கிளாஸ் நீட்டிய அப்பாக்களை எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 1,927 பதின்வயதினரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. பெற்றோர் ஊற்றிக் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் தவறு தவறுதான்.

“நானே குடிக்கறேன், எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவனுக்குச் சொல்றதுங்க?” என்று கேட்கும் அப்பாக்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. முழுக்க விட்டுவிட்டுத்தான் மகனிடம் பேச வேண்டும் என்று நான் சொல்வதில்லை; அப்படிச் சொன்னால் அவர் அந்தப் பேச்சையே தள்ளிப்போட்டுவிடுவார். வீட்டில் குடிக்காதீர்கள். சோடாவும் மிக்சரும் வாங்கி வர அவனை அனுப்பாதீர்கள். “நான் மாட்டிட்டேன், நீ மாட்டக் கூடாது” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். அவர் விரும்பினால் அவருக்கான உதவியை அதன் பிறகு பேசுவோம்.

சட்டையை முகர்வது, போனை நோண்டுவது, நண்பனின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது. பல அம்மாக்களின் நாள் இதிலேயே போகிறது. 2000-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது, துப்பறிந்து தெரிந்துகொண்டது குறைவு என்று அதில் கண்டார்கள். அதனால் அம்மாக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவன் ஏதாவது சொல்ல வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

குடித்துவிட்டு வந்த இரவில் விசாரணை வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். பேச்சு மறுநாள் காலை, அவன் சாப்பிட்ட பிறகு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரே ஒரு விதி வையுங்கள். மீறினால் ஒரு வாரம் வண்டிச் சாவி அம்மாவிடம். இவ்வளவு சிறியதாக இருந்தால்தான் கடைசிவரை நிறைவேற்ற முடியும். சோற்றைத் தட்டிப் பறிப்பதையும் வீட்டைவிட்டுத் துரத்துவதையும் எந்தப் பெற்றோராலும் கடைசிவரை செய்ய முடியாது என்பது பையனுக்குத் தெரியும்.

அந்த டெய்லர் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலியை இழந்துதான் வந்தார். அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அறையைத் திறக்கத் தொடங்கினேன். வெளியூரில் இருப்பவர்கள் 14416 டெலிமானஸ் எண்ணிலோ, 14446 போதை மீட்பு உதவி எண்ணிலோ பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளையிடம் வாடை அடித்த வாரமே வாருங்கள், அடுத்த பொங்கல்வரை பார்க்க வேண்டாம். வரும்போது அவன் அப்பாவையும் கூட்டி வாருங்கள்.