கடலுக்குப் பிரசவ விடுமுறை!

எங்கள் கீழ்க்கட்டளையில் ஏரி உண்டு, கடல் கிடையாது. ஆனாலும் கடலில் எது நடந்தாலும் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்குத் தெரிந்துவிடும்.

சென்ற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டதும் பை தானாகவே மடிந்துகொண்டது.

"தடைக்காலம், அக்கா! விசைப்படகு எதுவும் போகவில்லை. இது கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது" என்றார் கடைக்காரர்.

வெறும் பையுடன் வீடு திரும்பினேன். என் மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"மீன் இல்லாவிட்டால் போகட்டும். நண்டாவது வாங்கக் கூடாதா? சினை நண்டாகப் பார்த்து வாங்கி, மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும்!"

அத்தைக்குச் சினை நண்டின் மேல் அப்படி ஒரு பிரியம். அதே அளவு பிரியம் ராமேசுவரத்தின் 22 தீர்த்தங்கள் மேலும் உண்டு. இரண்டில் ஒன்றையாவது நிறைவேற்றி வைப்போம் என்று, அன்றைக்கே ராமேசுவரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். புண்ணியம் அவருக்கு; மீன் சமாசாரம் எனக்கு!

தாம்பரத்தில் ஏறினால்...

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலத்தைத் திறந்தபோது, தாம்பரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஒரு புதிய ரயிலையும் விட்டார்கள். தென் சென்னைக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். மாலையில் தாம்பரத்தில் ஏறிப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால், மறுநாள் பொழுது புலரும்போது கடலின் மேல் போய்க்கொண்டிருக்கலாம்.

1914-ல் கட்டிய பழைய பாலம், கப்பல் வந்தால் இரண்டு கைகளையும் தூக்குவதுபோல் நடுவில் பிளந்து வழி விட்டுவந்தது. புதிய பாலத்தின் நடுப்பகுதியோ 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே 'லிப்ட்' மாதிரி மேலே ஏறுகிறது. ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்த அத்தை, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பயமா, அத்தை?" என்றேன். "எனக்கென்ன பயம்? நீ விழுந்துவிடப் போகிறாயே என்றுதான்!" என்றார்.

தீவுக்குள் நுழைந்ததும் அக்காள்மடம், அடுத்தாற்போல் தங்கச்சிமடம் என்று ஊர்ப் பெயர்களே உறவு கொண்டாடுகின்றன. இந்தத் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பது 'பெண் கடல்'. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பது 'ஆண் கடல்'. கோடையில் தென்மேற்குக் காற்று கிளம்பினால் ஆண் கடல் சீறும். பெண் கடல் சாந்தமாக இருக்கும்.

"பெண்ணுக்குக் கோபமே வராதா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"வராமல் என்னம்மா! ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது வந்து பாருங்கள்!" என்று சிரித்தார்.

ஓய்வெடுக்கும் படகுகள்

அத்தை அக்கினி தீர்த்தத்தில் ஆரம்பித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களையும் ஒன்று விடாமல் தலையில் ஊற்றிக்கொண்டு முடிப்பதற்குள் எனக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. பிறகு துறைமுகப் பக்கம் போனோம். வரிசை வரிசையாக விசைப்படகுகள் சும்மா நின்றன. ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆக 61 நாட்கள், விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. 2001-ல் இது 45 நாட்களாக ஆரம்பித்தது; 2017-ல் 61 நாட்கள் ஆயிற்று. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அடிமடியைத் தரையோடு தரையாக இழுத்துச் செல்லும் இழுவை வலைக்குப் பெரியது, சிறியது என்ற பேதம் தெரியாது அல்லவா? நாட்டுப்படகுகளுக்கும் கரைவலைக்கும் தடை இல்லை.

"அதாவது கடல் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறது என்று சொல்" என்றார் அத்தை, ஈரத் தலையைத் துவட்டியபடியே. இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கயிற்றின் இரண்டு முனைகள்

பிற்பகலில் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ரயிலோடும் ஜனங்களோடும் போன ஊர் அது. இடிந்த மாதா கோயில் சுவர் இன்னும் நிற்கிறது. ஊர் போனாலும் கடல் போகவில்லை. ஆகவே கரைவலையும் போகவில்லை.

கரைவலை என்றால் என்ன? வலைக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் சிலர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வள்ளம் வலையைக் கடலில் விட்டுக்கொண்டே அரை வட்டமாகச் சுற்றி வந்து, மறு முனையைத் தூரத்தில் கரையேற்றும். பிறகு இரண்டு கோஷ்டிகளும் இழுத்துக்கொண்டே ஒன்றை ஒன்று நெருங்கி வரவேண்டும். ஆண், பெண், கிழவர் எல்லாரும் இழுத்தார்கள். எல்லாருடைய கால்களும் ஒரே சமயத்தில் விழுவதற்கு 'அம்பா' என்ற இழுவைப் பாட்டு. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கை கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் உள்ளங்கை சிவந்து எரிந்தது. அவர்கள் மணிக்கணக்கில் இழுக்கிறார்கள்!

கடைசியில் வலையின் மடி மணலுக்கு வந்தது. ஆவலோடு எட்டிப் பார்த்தேன். நிறையச் சொறி, கொஞ்சம் சூடை, கொஞ்சம் காரல், இரண்டொரு கணவாய். அவ்வளவுதான். வியாபாரி விலை சொன்னார். அதை இத்தனை பங்காகப் பிரித்தால் ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். வெளியே சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு முன்னால் இழுத்தவர் விசைப்படகுத் தொழிலாளி. "தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் உண்டு, அம்மா. ஆனால் வயிறு 61 நாளும் கேட்குமே! ஜூன் மாதம் பள்ளிக்கூடம் வேறு திறக்கும். இரண்டு பெண்கள்" என்றார்.

"தடையே வேண்டாம் என்கிறீர்களா?"

அவர் தலையை அசைத்தார். "அப்படிச் சொல்ல மாட்டேன். என் பெண்களின் பிள்ளைகளுக்கும் கடலில் ஏதாவது இருக்க வேண்டாமா?"

ஒரு நண்டின் விலை

மறுநாள் விடியற்காலை தங்கச்சிமடத்தின் வடகரை. எனக்குப் படகில் ஏற ஆசை. "மீனவர் அடையாள அட்டை வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பத்திரிகை அட்டையைக் காட்டினேன். "இதற்கு மீன் விழாது, தாயி" என்றார்!

நாட்டுப்படகுகள் நண்டு வலையோடு திரும்பின. மாலையில் விட்ட வலையை விடிவதற்குள் எடுத்து வருவார்கள். கரையில் பெண்கள் குந்தி உட்கார்ந்து, சிக்கிய நீலக்கால் நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கொடுக்கு படாமல், வலை அறாமல், கால் ஒடியாமல் கழற்ற வேண்டும். கால் ஒடிந்தால் விலையும் ஒடிந்துவிடும்.

ஓர் அம்மாள் பெரிய நண்டு ஒன்றைக் கழற்றித் திருப்பினார். வயிற்றின் கீழ் மஞ்சள் பஞ்சு ஒட்டினாற்போல் முட்டைகள். லட்சக்கணக்கில் இருக்கும். அத்தையின் கண்கள் மலர்ந்தன. "சினை நண்டு! என்ன விலை?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. எழுந்து முழங்கால் தண்ணீர் வரை போய், நண்டை மெல்லக் கடலில் விட்டுவிட்டு வந்தார்.

"ஐயோ, நல்ல விலை கொடுத்திருப்பேனே!" என்றார் அத்தை.

"தெரியும் ஆத்தா. கூடையிலே இருக்கிறதிலேயே அதுதான் பெரிசு. அதுக்காக வயித்துப் பிள்ளைக்காரியை விக்கிறதா? உயிரோட வந்தா விட்டுருவோம்."

கூடையைப் பார்த்தேன். பாதிகூட நிறையவில்லை. அத்தை முந்தானையை மறுபடி முடிந்துகொண்டார். ஊர் திரும்பும் வரை அவர் அதிகம் பேசவில்லை.

திரும்பி வந்த பிறகு

ஜூன் 15-ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போயின. ஓரிரு வாரத்தில் எங்கள் கீழ்க்கட்டளைக் கடையில் மீன்கள் மலிந்தன. அத்தையும் என்னோடு வந்திருந்தார். அவருடைய ருசி கடைக்காரருக்குத் தெரியும்.

"பாட்டி, உங்களுக்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்; முதல் தரமான சினை நண்டு!"

"வேண்டாமப்பா. வேறு நண்டு போடு."

"செத்துப் போனதுதானே, பாட்டி? நீங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள்."

"வாங்கட்டும். நான் இன்றைக்கு வாங்கினால், நாளைக்கும் எனக்காக எடுத்து வைப்பாய் அல்லவா?" என்றார் அத்தை.

அன்று இரவு மிளகு நண்டு வறுவல். சினை இல்லைதான். ஆனால் அத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.