தட்டின் அடியில்

அக்கரைப்பேட்டையில் ‘ஃபைபர்’ என்றால் படகு. இழையின் பெயர் அந்த இழையால் ஆன பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது. வகுப்பில் ஆகுபெயர் நடத்தியபோது கடற்கரை மாணவர் ஒருவர் சொன்ன எடுத்துக்காட்டு இது. உரைநூல்களில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டுகளைவிட மற்ற மாணவர்களுக்கு இதுவே எளிதில் விளங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையோரத்தில் கட்டுமரங்கள் குறைந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றோடு அவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலும் பெருகியது. அத்தொழில் படகோடு நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி, மீன் ஏற்றும் சிறுவண்டிகளின் சரக்குத் தட்டு என்று கரையேறியும் நடக்கிறது. நான் சொல்ல வந்தது கடைசியாகச் சொன்ன சரக்குத் தட்டைப் பற்றி.

மேற்சொன்ன மாணவர் இளங்கலைத் தமிழ் முடித்துச் சில ஆண்டுகள் கழித்து ஒரு ‘குட்டியானை’ வாங்கினார். 2005இல் டாடா நிறுவனம் வெளியிட்ட ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. பழைய வண்டிதான்; தவணைக் கடன். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து என்னுடையது. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் ஏற்றி உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோவது அவர் தொழில். மீனோடு ஐஸ் வரும், ஐஸ் உருகும், உருகிய நீரில் உப்பு இருக்கும். இரும்புக்கு இதைவிடக் கொடிய பகை வேறில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேல்பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தூக்கிவிடும். தூக்கிய இடத்தில் மறுபடி உப்புநீர் இறங்கும்.

இதற்கு மருந்தாகத்தான் தட்டின்மேல் ஃபைபர் உறை போடுகிறார்கள். அமெரிக்காவில் சில பிக்கப் வண்டிகளில் தட்டின் உட்பகுதியையே இரும்பில்லாமல் கூட்டுப்பொருளில் வார்த்துவிடுகிறார்கள். டொயோட்டா டகோமாவின் இரண்டாம் தலைமுறையும் ஹோண்டா ரிட்ஜ்லைனும் அப்படிப்பட்டவை. 2019ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜிஎம்சி சியரா ஒன்றில் கரியிழைத் தட்டே உண்டு. நம்மூரில் இரும்புத் தட்டு அப்படியே இருக்கும். அதன்மேல் ஒரு கண்ணாடியிழைத் தாம்பாளம், அவ்வளவுதான்.

கூட்டுப்பொருள் என்பதைத் தமிழ் படித்தவன் ‘தொகை’ என்று புரிந்துகொள்ளலாம். ‘தேர்ப்பாகன்’ என்ற தொகையில் ‘ஐ’ உருபும் ‘ஓட்டும்’ என்ற சொல்லும் வெளியே தெரிவதில்லை. மறைந்து நின்றே இரு சொற்களையும் பிணைக்கின்றன. கண்ணாடியிழை இழுவையைத் தாங்கும். ஆனால் தனியாக வெறும் நூல். பிசின் வடிவம் தரும். ஆனால் தனியாக விட்டால் நொறுங்கும். ஓர் இழை வாங்கிய சுமையைப் பக்கத்து இழைக்குக் கடத்துவது இடையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பிசின்தான். அந்தப் பிணைப்பு விட்டுப்போன இடம் வெளியே வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அனுபவப்பட்டவர்கள் நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இடம் ‘டணக்’ என்கிறது. பிரிந்த இடம் ‘தொப்’ என்கிறது.

மாணவரின் வண்டித் தட்டு பல இடங்களில் ‘தொப்’ என்றது. ஐஸ் பாளத்தைத் தட்டின்மேலேயே போட்டுக் கடப்பாரையால் உடைப்பது அங்கே வழக்கம். அந்தக் குத்துகளில் ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு விரிசலாகியிருந்தது. முன்பு அந்த உறையைப் போட்டவர்கள் விளிம்பு முழுவதையும் பட்டி வைத்து இறுக மூடியிருந்தார்கள். விரிசல் வழியே இறங்கிய உப்புநீருக்கு வெளியேற வழியில்லை. காக்க வந்த உறை, பகையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

அந்த நேரத்தில் அவர் வண்டியை விற்க நினைத்திருந்தார். கடனை அடைத்து மிச்சத்தில் தங்கையின் திருமணத்தை முடிப்பது திட்டம். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வாங்க வந்திருந்தார். தரகரின் யோசனை எளிமையானது: விரிசலில் பட்டியை அப்பி, மேலே ஜெல்கோட் அடித்துவிட்டால் புதுத் தட்டு. மாணவர் என்னிடம் வந்து, “ஐயா, நீங்க ஜாமீன் போட்டவங்க. கடன் அடஞ்சா உங்களுக்கும் நல்லது. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். கேள்வியின் இரண்டாம் வாக்கியம் எனக்குள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மேஸ்திரியிடம் போய்க் கேட்போம் என்றேன்.

மேஸ்திரி தட்டிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்து விரலால் சுரண்டிப் பார்த்தார். எழுந்து, “மூடிக் குடுன்னா மூடிக் குடுத்துடுவேன் சார். என் கூலி எனக்கு. ஆனா தட்டத் தாங்குற குறுக்குச் சட்டம் போயிருந்துச்சுன்னா, பாரம் ஏத்திப் போறப்ப ஒரு நாளைக்கு உக்காந்துடும். பின்னாடி யாராவது வண்டியில வருவான்ல?” என்றார். மாணவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “போல்ட்ட கழட்டுங்கண்ணே” என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உறை ஏறத்தாழ முழுதாகவே எழுந்து வந்தது. பாலியெஸ்டர் பிசின் இரும்பை நன்றாகப் பற்றாது. வெயிலில் இரண்டும் வேறுவேறு அளவில் விரிவதால் பற்றிய இடமும் நாளடைவில் விட்டுப்போகும். அடியில் தகடு பனையோலை போலப் பிய்ந்தது. ஒரு குறுக்குச் சட்டம் பாதி கரைந்திருந்தது. வாங்க வந்தவரை அழைத்து அதைக் காட்டினார் மாணவர். அவர் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

செப்பனிட்ட முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். அரித்த தகட்டையும் சட்டத்தையும் வெட்டியெடுத்துப் புதியது வைத்துப் பற்றவைத்தார்கள். எஞ்சிய துருவைச் சுரண்டி, நல்ல நீரால் உப்பைக் கழுவி, உலர்ந்தபின் எபாக்ஸி பிரைமர் அடித்தார்கள். உறை தனியே குதிரைக்கால்களின்மேல் ஏறியது. விரிசலை மேலே பூசி மறைக்காமல், சுற்றிலும் சரிவாகத் தேய்த்தெடுத்தார் மேஸ்திரி. 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சரிவு. இந்தச் சரிவில்தான் பழைய இழையும் புதிய இழையும் கைகோக்கின்றன. சரிவு குறைந்தால் ஒட்டு, சுமை ஏறியதும் பெயரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு படலத்துக்கு 1 மில்லிமீட்டர் கனம் தரும். ஒவ்வொரு படலத்தையும் முந்தியதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பிசினில் நனைத்து, உருளையால் காற்றுக்குமிழியை வெளியேற்றி அடுக்கினார். ஒரு கிலோ பிசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை கேட்டலிஸ்ட்; நாகை வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். கோபால்ட்டை முதலில் பிசினில் கலந்துவிட வேண்டும். அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இதை உதவியாளான பையனிடம் அவர் மூன்று முறை சொன்னார். கடைசிப் பூச்சில் சிறிது மெழுகு சேரும்; இல்லையென்றால் காற்றுப் படும் பரப்பு பிசுபிசுத்தே இருக்கும்.

மறுபடி பொருத்தியபோதுதான் முக்கியமான மாற்றம். உறையை இரும்போடு ஒட்டவில்லை. அடியில் ரப்பர்ப் பட்டைகள் வைத்து இடைவெளி விட்டார். விளிம்பைப் பட்டியால் மூடவில்லை. நான்கு மூலைகளிலும் வடிகால் துளை. துளையின் வெட்டுவாயில் இழைமுனைகள் திறந்திருந்தால் நீரை உறிஞ்சும் என்று அங்கே பிசின் தடவினார். வெயிலைத் தாங்க நிறமிட்ட ஜெல்கோட். ஐஸ் உடைக்கும் மூலைக்கு மட்டும் ஒரு தடித்த பலகை. குத்துகளை அது வாங்கிக்கொள்ளும், தேய்ந்தால் மாற்றிவிடலாம். எட்டு போல்ட்டுகளைக் கழற்றினால் உறை எழுந்துவிடும். “தூக்கிப் பாக்க முடியாத மூடிய போடக் கூடாது சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் இல்லங்களையும் நிறுவனங்களையும் பற்றி நிறைய யோசிக்கலாம், வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பட்டறையில் என்னை உறுத்தியது வேறொன்று. தேய்க்கும்போது எழுந்த கண்ணாடித் தூசி வெயிலில் மின்னியது. மேஸ்திரியின் வாயில் ஒரு கைக்குட்டை, பையனுக்கு அதுவுமில்லை. பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. இரும்புக்கு இத்தனை அடுக்குக் காப்புச் செய்தவர் தம் நெஞ்சுக்கூட்டுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை போனபோது வடிகட்டியோடு கூடிய இரண்டு முகமூடிகள் வாங்கிப் போனேன். பையன் அணிந்துகொண்டான். மேஸ்திரி, “வேர்க்குது சார்” என்று ஆணியில் மாட்டிவிட்டார்.

வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் வருமானம் இல்லை. பற்றவைத்த கூலி, பிசின், இழை எல்லாம் புதிய கடன். தையில் நடக்கவிருந்த தங்கையின் திருமணம் ஆவணிக்குத் தள்ளிப்போய் நடந்தது. பந்தியில் மாணவரே பரிமாறினார். வண்டி இப்போதும் அவரிடம்தான் ஓடுகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு போல்ட்டையும் கழற்றி, உறையைத் தூக்கி நிறுத்தி, அடியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். என் கையெழுத்துக்கு இன்னும் 11 தவணை பாக்கி.