ஐஸ் பெட்டிக்குச் சொல்லும் முன்

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சாமியானாவும் நாற்காலியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் கடை ஒன்று. வாசலில் கண்ணாடி மூடி போட்ட இரண்டு ஐஸ் பெட்டிகள் நிற்கின்றன. எங்கேயாவது கேதம் என்றால் உறவுக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே இங்கே போன் வந்துவிடும் என்றார் கடைக்காரர். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்துசேரும்வரை உடல் கெடாமல் இருக்க வேண்டுமே.

நான் கேட்டதற்காக ஒரு பெட்டியை ஓட்டிக் காட்டினார். கம்ப்ரசர் லேசாக உறும, ஓரத்திலிருந்த சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. உள்ளே கையை வைத்துப் பார்த்தேன். தகரத் தட்டில் பட்ட விரல்கள் சற்று நேரத்தில் மரத்துப்போயின. வெளியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பனிப்பொழிவும் உறைபனியும் இல்லாத இந்தச் சமவெளியில் ஒரு மனித உடலை ஆபத்தான அளவுக்குக் குளிர வைக்கக்கூடிய இடம் என்று முதலில் தோன்றியது இந்தப் பெட்டிதான்.

"டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரான்னு கேப்பீங்களா அண்ணே?"

"வீட்டுக்காரங்க சொன்னா கொண்டுபோய் வைப்போம். அழுதுக்கிட்டு இருக்கிறவங்ககிட்டப் போயி அதை எப்படிங்க கேக்குறது?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிராமத்தில் வீட்டில் நடக்கும் சாவைப் பெரும்பாலும் வீட்டாரே பார்த்து முடிவு செய்கிறார்கள். மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பார்கள், கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "சில்லுனு ஆயிருச்சு" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் முடிந்தது.

2020 அக்டோபரில் சேலத்தில் நடந்ததைப் பலரும் மறந்திருக்கலாம். உடல்நலம் குன்றியிருந்த 74 வயது முதியவரை இறந்துவிட்டார் என்று ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இரவு முழுக்க அதற்குள் கிடந்தார். மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்த ஊழியர்தான் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துபோனார். அந்த இரவு அவர் உடலுக்குள் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைக் கேட்கத்தான் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன்.

அந்தப் பிரிவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியின் நிலைக்கேற்பப் பிரித்திருக்கிறார்கள். உயிருக்குப் போராடுபவர்கள் சிவப்புப் பகுதிக்குப் போவார்கள். பணி முடித்துக் கிளம்பவிருந்த இளம் மருத்துவர் ஒருவர் நின்று பேசினார். முதலில் அவர் எடுத்துக் காட்டியது, நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே தெர்மாமீட்டரை.

"இதுல கடைசிக் கோடு எவ்வளவுன்னு பாருங்க சார்."

35 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே கோடு இல்லை. ஆனால் உடற்குளிர்வு என்று மருத்துவம் சொல்லும் நிலை அந்த 35-க்குக் கீழேதான் தொடங்குகிறது. அதாவது, ஒருவர் எவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறார் என்பது சாதாரணத் தெர்மாமீட்டருக்குத் தெரியவே தெரியாது. உணவுக்குழாயிலோ மலக்குடலிலோ மெல்லிய உணர்கம்பி வைத்துத்தான் உள் வெப்பத்தை அளக்க வேண்டும்.

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். வெப்பம் 35-க்குக் கீழே இறங்கியதும் உடல் நடுங்கித் தன்னைச் சூடாக்கப் பார்க்கும். 30-ஐ நெருங்கும்போது நடுக்கமும் நின்றுபோகும். 28-க்குக் கீழே போனால் ஆள் நினைவின்றிக் கிடப்பார். நிமிடத்துக்குச் சில மூச்சு, மிக மெதுவான நாடி. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், கைகால் விறைத்திருக்கும். இறந்தவரிடம் எதையெல்லாம் பார்ப்போமோ அதெல்லாம் இவரிடமும் இருக்கும். இந்த நிலையில் இதயம் மிக எளிதில் தாளம் தவறும். முரட்டுத்தனமாகத் தூக்கிப் போட்டாலே அது துடிப்பை விட்டு வெறுமனே அதிரத் தொடங்கிவிடலாம்.

அதனால்தான் குளிர்ந்தவரிடம் நாடி பார்க்கப் பத்து விநாடி போதாது, ஒரு முழு நிமிடம் வரை பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. இதுவரை இதயம் நின்ற எல்லோருக்கும் உள்ள முறைதான். இதற்குப் பிறகுதான் வேறுபாடு. உள் வெப்பம் 30-க்குக் கீழே இருந்தால் மின் அதிர்ச்சியை மூன்று முறைக்கு மேல் கொடுத்துப் பயனில்லை. அட்ரினலின் ஊசியையும் நிறுத்தி வைப்பார்கள். குளிர்ந்த இதயம் மருந்துக்குச் சரியாக ஈடுகொடுக்காது. கொடுத்த மருந்து சிதையாமல் ரத்தத்திலேயே சேர்ந்துகொண்டு போகும். 30-ஐத் தாண்டிய பிறகு மருந்து உண்டு, ஆனால் வழக்கமான இடைவெளியைப் போல இருமடங்கு விட்டு. அதுவரை உண்மையான மருந்து வெப்பம்தான். ஈரத்துணியைக் கழற்றுவது, வெதுவெதுப்பான காற்றூட்டிய போர்வை, 38 முதல் 42 டிகிரிக்குச் சூடாக்கிய சலைன் என்று வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் ஏற்றுகிறார்கள்.

"சூடாக்கிப் பார்த்தும் இதயம் திரும்பலைன்னாதான் இறந்துட்டார்னு நாங்க எழுதணும்" என்றார் மருத்துவர்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. நடந்திருக்கிறது. 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கு விளையாடிய அன்னா போகென்ஹோல்ம் என்ற இளம் மருத்துவர் உறைந்த ஓடைக்குள் விழுந்து எண்பது நிமிடம் சிக்கிக்கிடந்தார். மீட்டபோது இதயம் நின்றிருந்தது. உள் வெப்பம் 13.7 வரை இறங்கியது. பிழைத்து, மருத்துவப் பணிக்கே திரும்பினார். 2019 நவம்பரில் ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் பனிப்புயலில் சிக்கிய ஒரு பெண்ணின் இதயம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்து, பார்சிலோனா மருத்துவமனையில் மறுபடி துடித்தது. குளிரக் குளிர மூளையின் ஆக்சிஜன் தேவை குறைந்துகொண்டே வரும். 18 டிகிரியில் மூளை, வழக்கத்தைவிடப் பத்து மடங்கு நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு.

இவர்களைக் காப்பாற்றியது உடலின் ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப அனுப்பும் இயந்திரம். அதில் ஒரு வகையான, ஸ்பெயினில் பயன்பட்ட எக்மோவின் பெயர் நமக்குப் புதிதல்ல. 2016 டிசம்பரில் ஜெயலலிதா சிகிச்சையிலும், 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் சிகிச்சையிலும் செய்தியில் கேட்டோம். அந்த இருவருக்கும் அது கைகொடுக்கவில்லை. ஆனால் குளிரால் இதயம் நின்றவர்களுக்கு அதைவிடச் சிறந்த வழி இன்றுவரை இல்லை. நம் மாநிலத்தில் அது பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுவதுதான் வருத்தம்.

ஒன்றைக் கறாராகச் சொல்லியாக வேண்டும். முதலில் இறந்து பிறகு குளிர்ந்த உடலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. குளிர் முதலில் வந்து, இதயம் அதற்குப் பிறகு நின்றிருந்தால்தான் வாய்ப்பு. நம் ஊர்க் கிணறுகளில் மூழ்குகிறவர்களுக்கும் குளிரின் அந்தக் காவல் கிடைக்காது; தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருப்பதில்லை, மூச்சுதான் முதலில் நிற்கிறது. அவர்களைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாமல், அந்த நொடியே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி நெஞ்சை அழுத்த வேண்டும்.

மாலையில் வத்தலக்குண்டில் 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஒருவரிடம் பேசினேன். கொடைக்கானலுக்கு மலை ஏறும் வழி இது. இங்கிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போகிறவர்கள், மழையில் நனைந்த சட்டையோடு பைக்கில் ஏறும் இளைஞர்கள்தான் அவருடைய கவலை. சமவெளியில் அவர் கவலைப்படுவது வேறு ஆட்களுக்காக: மார்கழிப் பனியில் குடித்துவிட்டு ஈரத்தரையில் விழுந்து கிடப்பவர்கள், தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கையில் சாலையோரம் படுத்துவிடும் வயதானவர்கள், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்த பாட்டிகள்.

"சர்க்கரை இறங்கினாலும் உடம்பு சில்லுனுதான் இருக்கும் சார். வண்டியில ஏத்துன உடனே விரல்ல குத்திப் பார்த்துருவோம். எத்தனையோ பேரு குளுக்கோஸ் ஏறினதும் கண்ணு முழிச்சிருக்காங்க."

உள்ளங்கை உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்கும் நம் பழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். மோசமாகக் குளிர்ந்தவரைத் தேய்க்கக் கூடாது, உட்காரவைத்து உலுக்கக் கூடாது, நெருப்பருகே கிடத்தக் கூடாது, சாராயம் கூடவே கூடாது. ஈரத்தை மாற்றி, படுத்த வாக்கிலேயே வைத்து, தலையோடு சேர்த்துக் கம்பளியால் மூடி, மெல்லத் தூக்க வேண்டும். நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பாகச் சூடான சுக்குக் காபி கொடுக்கலாம்.

ஐஸ் பெட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவர் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் கோபித்துக்கொண்டால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாவட்ட நிர்வாகம் அதை ஓர் உத்தரவாகவே போட்டால் கேட்கிறவருக்கும் சங்கடம் இராது. வீட்டாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடல் சில்லிட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் போன் 108-க்குப் போகட்டும்.