மறுகால்

மும்பையில் எங்கள் கட்டடத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதவர் ஒருவரும் இலர். மாடித் தொட்டி நிறைந்து குழாய் வழியே நீர் கொட்டத் தொடங்கியதும் யாரேனும் அதைக் கூவுவர். காவற்காரர் ஓடிச்சென்று மோட்டாரை நிறுத்துவார். மராட்டியரும் குஜராத்தியரும் நாமும் சேர்ந்து பேசும் பொதுமொழி அந்த ஒரு சொல்தான் என்று நான் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

ஓர் ஆடி மாதத்தில், விகார் ஏரி ‘ஓவர்ஃப்ளோ’ ஆயிற்று என்ற செய்தி வந்தது. எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த அன்னையாரோ, “ஏரி மறுகால் பாயுதா? நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் உன் முகம் வாடணும்?” என்றார்.

நெல்லைச் சீமையில் பிறந்தவர் அவர். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் குளம் மறுகால் பாய்ந்தால் ஊரே கரையில் திரண்டு நிற்கும். கல்லால் கட்டிய மறுகால் வழியே மிகுநீர் வெளியேறி, கரையை உடைக்காமல் அடுத்த குளத்துக்குப் போகும். வடமாவட்டத்தார் கலங்கல் என்பர். நீர் மிகுந்தது என்பதோடு, அது போவதற்கு இடமும் உண்டு என்பதையும் அச்சொற்கள் கூறிவிடுகின்றன. பால் பொங்கும், கண்ணீர் ததும்பும், எண்ணெய் வழியும் என்று வகை வகையாய்ப் பேசியவர்கள் நாம். இங்கு வந்தபின் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டோம்!

எனக்கு அச்சம் தந்தது 2005 ஜூலை 26-ஆம் நாள். அன்று சாந்தாக்குரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. விகார், பொவாய் ஏரிகளின் மிகுநீரே மித்தி ஆறாகிக் குர்லாவைக் கடந்து மாகிமில் கடலைச் சேர்கிறது. கரைகள் நெருக்குண்டு, படுகை தூர்ந்து கிடந்த அந்த ஆறு, கடலேற்றமும் சேரவே ஊருக்குள் புகுந்தது. அப்போது நாங்கள் குர்லாவில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். மார்பளவு நீரில் குழந்தையைத் தோளில் ஏற்றிச் சென்று, அண்டை வீட்டு மாடிப்படியில் இரவைக் கழித்தோம். காலஞ்சென்ற தந்தையாரின் கடிதங்களை வைத்திருந்த தகரப்பெட்டி மூன்றாம் நாள் அகப்பட்டது. தாள்கள் இருந்தன, எழுத்து இல்லை.

அன்னையாருக்கு அப்போது ‘நலமே’ என்று மட்டும் தெரிவித்திருந்தேன். இப்போதுதான் முழுவதும் சொன்னேன். கடிதங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, “அந்த ஏரிக்கு மறுகால் எங்கே வச்சிருக்காங்க?” என்றார்.

“அந்த ஆறுதான் அம்மா மறுகால்.”

“அப்போ மறுகாலுக்குள்ளே போயா குடியிருந்தீங்க?”

எனக்கு விடை கூறத் தெரியவில்லை. அச்சமயம் மாடித் தொட்டி வழியும் ஓசை கேட்டது. அன்னையார் எழுந்து சன்னலருகே சென்று, காவற்காரரை நோக்கி, “ஓவர்ஃப்ளோ!” என்று கூவினார்.