குழி வெட்டியவர்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய பண்டகசாலை ஒன்றை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கொட்டிக் கிடந்த எம்-சாண்டைப் பார்த்துவிட்டு, “உங்கள் ஆற்று மணல் என்ன ஆயிற்று?” என்று கேட்டார் டெல்லியிலிருந்து வந்திருந்த நண்பர். பெரியாற்றைச் சுரண்டியதையும், ஆற்று மணலைக் காக்கக் கேரளம் 2001இல் சட்டம் போட்டதையும் சொன்னேன். “எங்கள் ஊரில் மணல் எடுத்த குழிகளைச் சரணாலயமாக்கிவிட்டார்கள். வெட்டியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வந்தால் காட்டுகிறேன்” என்றார்.

டெல்லியின் தென்கோடியில், ஹரியானா எல்லையை ஒட்டிய ஆரவல்லிக் குன்றுகளில் இருக்கிறது அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 32.71 சதுர கிலோமீட்டர். அசோலா பகுதியை 1986இல் அறிவித்தார்கள். பட்டி சுரங்கங்களை 1991இல் சேர்த்தார்கள். பதர்பூர் எனப்படும் சிவந்த மணலும் சரளையும் இங்கிருந்துதான் போய் டெல்லியின் வீடுகளுக்குக் கலவையும் பூச்சும் ஆயின.

வன ஊழியர் ஒருவர் துணையோடு நீலி ஜீலுக்குப் போனோம். செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச் சுவர்களுக்கு நடுவே நீலத் தண்ணீர். சுரங்கக் குழிதான் ஏரியாகியிருக்கிறது. நீலான்கள் சாவதானமாக மேய்கின்றன. சிறுத்தையும் திரும்பி வந்துவிட்டது என்றார் ஊழியர். குரங்குகளுக்குத்தான் குறைவே இல்லை. நகரத்தில் பிடிக்கும் குரங்குகளை இங்கே கொண்டுவந்து விடும்படி 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மற்றபடி எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரருக்குச் சொந்த ஊரில் நிற்பதுபோல இருக்கும்.

ஏரியின் சுவரை உற்றுப் பார்த்தால் அது இயந்திரம் வெட்டியதல்ல என்று தெரிந்துவிடும். குந்தாலி கொத்திய தடங்கள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. கொத்தியவர்கள் ஓட் சமூகத்தார். பிரிவினைக்குப் பின் சிந்து, முல்தான் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; தமிழ்நாட்டில் ஏரியும் கிணறும் வெட்டிய ஒட்டர்களுக்கு வடக்கத்திய உறவுமுறை எனலாம்.

அவர்கள் குடியிருக்கும் சஞ்சய் காலனியில் நண்பர் அறிமுகப்படுத்திய பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, “உட்கார் பேட்டா” என்றார். “உங்கள் ஆட்கள் இவ்வளவு ஆழம் எப்படித்தான் வெட்டினார்கள் பாபா?” என்றேன். பதிலுக்குக் கதை சொன்னார்.

“எங்கள் மூதாதை பகீரதன். ஒரே கிணற்றில் இரண்டு தரம் தண்ணீர் குடிப்பதில்லை என்று சபதம் செய்தவன். தினம் ஒரு புதுக் கிணறு. ஒருநாள் வெட்டிக்கொண்டே போனான். மேலே வரவேயில்லை.”

பிறகுதான் தொழில் பேச்சு. விடியுமுன் இறங்குவார்களாம். ஆண் கொத்த, பெண் அள்ள, கழுதைகள் சுமந்து மேலேறும். கூலி லாரிக் கணக்கு. மேல்மண்ணை அகற்றுவதற்குக் காசு கிடையாது. அதனால் மேலே கை வைக்காமல், கீழே மணல் அடுக்கை மட்டும் குடைந்துகொண்டே போவார்கள்.

நம் ஊரில் ஏரி வெட்டும்போது நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விடுவார்கள். அதன் உயரத்தை வைத்து வெட்டிய ஆழத்தைக் கணக்கிட்டுக் கூலி தருவார்கள். அந்த முறையில் வெட்டிய மண் முழுவதற்கும் விலை உண்டு. இங்கே விற்கிற மண்ணுக்கு மட்டும்தான் விலை. மனிதனை மண்ணுக்கடியில் தள்ளியது இந்தக் கணக்குதான். லாரியை நிரப்பியவனுக்குக் கூலி, நிரம்பிய லாரியை விற்றவனுக்கு மாளிகை. தனியார் குத்தகைக்காரர்களிடமிருந்து 1970களின் நடுவில் சுரங்கம் அரசு கைக்குப் போனது. ஆனாலும் குழி குழியாகவே இருந்தது. 1990இல் ஒன்று சரிந்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதோடு சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கம் சரணாலயமானதும் அதில் குடியிருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அவர்களை இடம்மாற்றச் சொன்னது. “குழி வெட்டும்போது நாங்கள் தேவைப்பட்டோம். மரம் வந்ததும் வேண்டாதவர்கள்” என்றார் பெரியவர். காலனிப் பிள்ளைகள் இப்போது நகரத்துக் கட்டட வேலைகளுக்குப் போகிறார்கள்.

காட்டைக் காக்க மனிதர்களை அகற்றத்தான் வேண்டும் என்று வாதிடுபவர்கள் ஜோத்பூருக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே மெஹ்ரான்கர் கோட்டையடியில் சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம், இதே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை மீட்கும் வேலையை 2006இல் சூழலியலாளர் பிரதீப் கிரிஷன் தொடங்கினார். கெட்டிப் பாறைக்குள் இறங்கிய வேர் எதற்கும் மசியவில்லை. கடைசியில் கண்ட்வாலியாக்கள் என்ற கல்சுரங்கத் தொழிலாளர்களை அழைத்தார்கள். அவர்கள் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் எங்கே என்று கண்டுபிடித்து, உளியால் பிளந்து வேரை எடுத்தார்கள். 2011இல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா திறக்கப்பட்டது.

பட்டியிலும் கருவேல வேர் தோண்ட வேண்டியிருக்கிறது. நாட்டு மரங்களுக்குக் குழி எடுக்க வேண்டும். மழைநீருக்குத் தடுப்பணை வேண்டும். எல்லாமே மண் வேலை. இந்த மண்ணின் அடுக்குகளை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வனத்துறை அவர்களை முறையான ஊதியத்துக்கு அமர்த்த வேண்டும். குடியிருக்கும் இடத்துக்கு உரிமை தர வேண்டும். நீலி ஜீலின் கரையில் பறவைகளின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில், இதை வெட்டியவர்கள் யார் என்றும் எழுதி வைக்க வேண்டும்.