மணி அடித்தால் மோடம் எரியாதா?



எண்ணூரில் எங்க மாமா ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போன மாசம் அங்கே ஈரக் கையோடு டெலிபோன் ஒயரைப் பிடித்தேன். அந்நேரம் பார்த்து மணி வந்தது. சுரீர்னு ஷாக்! "பொம்பளப் புள்ளைக்கு ஒயர் வேலை எதுக்கு?" என்று ஆயா திட்டினார்.

போனை எடுக்காதபோது லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. இருக்கும். மணிக்கு அதைவிட அதிகமாக ஏ.சி. வரும். "அப்போ மோடம் எரியாதா மாமா?" என்றேன். பழைய மோடத்தைத் திறந்து காட்டினார். மணி அடிக்கையில் ரிலே திறந்தே இருக்கும். எடுத்த பிறகு குட்டி டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் சத்தம் போகும். அதில் இரண்டு சுருள், ஒன்றையொன்று தொடாது.

1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட்டில், லைன் ஒயர் இல்லாமலே பேச்சும் இன்டர்நெட்டும் ஒன்றாகப் போனதாம்!

நேற்று ஆயாவே தன் ரேடியோவை நீட்டி, "இதப் பாரு கண்ணு" என்றார். முதலில் பிளக்கைக் கழற்றினேன். நீங்களும் மறக்காதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி